பிரஷர் மாத்திரையும் பிடிவாதமான உடலும்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பொதுநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கும் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார். சிலர் நீங்களே சாப்பிடுகிறீர்கள். மாத்திரையின் பெயர் உங்களுக்குத் தெரியும்: அம்லோடிபின், டெல்மிசார்டன், எனலாப்ரில், அட்டெனலால். எத்தனை மில்லிகிராம், எந்த நிற அட்டை என்பதும் மனப்பாடம். ஆனால் அது தொண்டையைத் தாண்டி இறங்கியபின் எங்கே போகிறது, யாரோடு மல்லுக்கட்டுகிறது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளிநோயாளிப் பிரிவில் வரிசை நிற்கும்போது அதற்கு நேரம் கிடைப்பதில்லை. எங்களுடைய அந்த பாக்கியில் கொஞ்சத்தை இன்று தீர்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

நோயாளிகள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான்: “போன தடவையே பிரஷர் நார்மல்னு சொல்லிட்டீங்க டாக்டர், அப்புறம் எதுக்குங்க மாத்திரை?” மிக நியாயமான கேள்வி. காய்ச்சல் விட்டதும் காய்ச்சல் மாத்திரையை நிறுத்துகிறோம். இதை மட்டும் ஏன் ஆயுள் முழுக்க? “நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்” என்று சொல்லி அனுப்பிவிடுவது பதிலாகாது. உடல் தன் இரத்த அழுத்தத்தை ஒரு குறிப்பிட்ட அளவில் பிடிவாதமாகக் கட்டிக் காக்கிறது. நாம் அதை இறக்கினால், இறக்கிய மறு நிமிடத்திலிருந்து பல வழிகளில் ஏற்றப் பார்க்கிறது. உள்ளே ஓயாமல் நடக்கும் இந்த இழுபறி தெரிந்துவிட்டால், மருந்துகளைப் பற்றிய முக்கால்வாசிக் குழப்பங்கள் தாமாகவே தெளிந்துவிடும்.

அழுத்தம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அது பெருந்தமனி, கிளைத் தமனிகள் என்று பிரிந்து பிரிந்து, தலைமுடி அளவே பருமனுள்ள சிறுதமனிகளுக்கு வந்து சேர்கிறது. அழுத்தத்தின் சூட்சுமம் பெரும்பாலும் இந்தச் சிறுதமனிகளில்தான் இருக்கிறது. வாய்க்காலிலிருந்து வயலுக்கு வயல் மடை இருக்கிறதல்லவா, அப்படி ஒவ்வொரு உறுப்பின் வாசலிலும் இவை நிற்கின்றன. இவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. தசை இறுகினால் மடை குறுகும், தளர்ந்தால் திறக்கும். எல்லா மடைகளும் ஒரே நேரத்தில் குறுகினால் வாய்க்காலில் நீர்மட்டம் ஏறத்தானே செய்யும்?

எவ்வளவு குறுகினால் எவ்வளவு ஏறும் என்ற கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் ப்வாசெய் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களை வைத்துக் கண்டுபிடித்தார். குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே தடை ஒன்றரை மடங்கு. மிகச் சின்ன மாற்றம், மிகப் பெரிய விளைவு. 5 மில்லிகிராம் எடையுள்ள மருந்து உடம்பு முழுவதிலும் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தை மாற்றிவிடுகிறதே என்று வியக்கிறோம். அந்த வியப்புக்கான விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஆக, இதயம் தள்ளும் அளவு, சிறுதமனிகளின் குறுக்கம், குழாய்களுக்குள் இருக்கும் நீரின் மொத்த அளவு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அழுத்தம். நீரின் அளவைச் சிறுநீரகம் உப்பின் மூலமாக நிர்ணயிக்கிறது. இதயத்துக்கும் சிறுதமனிகளுக்கும் மூளையிலிருந்து நரம்புகள் வழியே உத்தரவு வருகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. குந்தி உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தால், சில நொடிகளுக்குள் மூளைக்குப் போகும் இரத்தம் சரிசெய்யப்படுவது இவற்றால்தான்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒருவருக்கு 170, 180 என்று அழுத்தம் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டால், இந்த உணர்முனைகள் அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொண்டுவிடுகின்றன. மாத்திரை அதை 135-க்கு இறக்கும்போது, நமக்கு அது நல்ல செய்தி. அவற்றுக்கு அது ஆபத்து அறிவிப்பு. உடனே இதயத்தை வேகமாகத் துடிக்கச் சொல்கின்றன, மடைகளை இறுக்கச் சொல்கின்றன. “மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து அசதியா இருக்கு, எந்திரிச்சா கிறுகிறுங்குது, எனக்கு ஒத்துக்கல” என்று முதல் வாரங்களில் பலர் வருவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். மெல்ல மெல்ல இறக்கினால் சில வாரங்களில் உணர்முனைகள் புதிய அளவுக்குப் பழகிவிடும். அதனால்தான் மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்கி, மூன்று நான்கு வாரம் கழித்து வரச் சொல்கிறோம். அந்த வாரங்களைப் பொறுத்துக்கொள்ளாமல் பாதியில் விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஆனால் மயங்கி விழும் அளவுக்குத் தலைசுற்றல் இருந்தால் பொறுத்திருக்க வேண்டாம், உடனே வந்து சொல்லிவிட வேண்டும்.

மருந்தே இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயென் குறித்து வைத்த அழுத்தம், மேலே 300-க்கும் அதிகம், கீழே 190. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1944 மார்ச்சில், புரூயென் 186/108 என்று அளந்து பார்த்து ஆபத்தை உணர்ந்திருந்தார். ஆனால் கொடுப்பதற்கு அவரிடம் என்ன இருந்தது? இதயத்துக்கு டிஜிடாலிஸ், உப்பைக் குறைத்த சாப்பாடு, ஓய்வு, கொஞ்சம் தூக்க மருந்து. உலகிலேயே அதிகாரம் மிக்க மனிதருக்கே அவ்வளவுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கெம்ப்னர் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு உப்பே இல்லாத சோறும் பழமும் மட்டும் கொடுத்துப் பார்த்தார். பலருக்கு அழுத்தம் இறங்கவும் செய்தது, ஆனால் அந்தச் சாப்பாட்டில் காலம் தள்ள எத்தனை பேரால் முடியும்? இன்னும் சில இடங்களில் முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகளை அறுவை செய்து வெட்டிவிட்டார்கள். மடைகளுக்கு உத்தரவே போகக் கூடாது என்ற எண்ணம். உத்தரவு நின்றது, நோயாளி எழுந்து நின்றால் மயங்கி விழுந்தார்.

இந்த இருட்டில் முதலில் வெளிச்சம் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு மருத்துவர். பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல், சர்ப்பகந்தா வேரை உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துக் கிடைத்த பலனை 1949-இல் பிரிட்டனின் இதயநோய் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதற்கு முன்பே 1931-இல் சென், போஸ் ஆகிய இருவர் கல்கத்தாவிலிருந்து இந்த வேரைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆனால் உலக மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது வகீலின் கட்டுரைதான். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. சிறுதமனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நரம்பு முனைகளில் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருள் சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். மடையை இறுக்கும் உத்தரவை எடுத்துச் செல்வது அதுதான். ரிசர்பின் அந்தப் பைகளைக் காலியாக்கிவிடும். மூளையிலும் அதே வேலையைச் செய்ததால், அதிக அளவில் எடுத்துக்கொண்ட சிலருக்கு மனச்சோர்வு வந்தது. இன்று அதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. ஆனாலும் வகீலின் பெயர் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர் என்பது என் ஆதங்கம்.

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் மெர்க் ஆய்வுக்கூடத்தில் குளோரோதயசைடு பிறந்தது. தயசைடு குடும்பத்தின் மூத்த மருந்து அது. நம் ஊரில் ‘தண்ணி மாத்திரை’ என்று சொல்கிறோமே, அந்த வகை. இன்று குளோர்தாலிடோன், இண்டபமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பெயர்களில் உங்கள் அட்டைகளில் இருக்கும்.

சிறுநீரகம் ஒரு நாளில் செய்யும் வேலையின் அளவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். இரத்தத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அவ்வளவையும் வெளியே விட்டால் அன்றைக்கே உயிர் போய்விடும். அதனால் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் போல நீரும், சாப்பாட்டில் நாம் சேர்த்துக்கொண்ட அளவு உப்பும் மட்டுமே சிறுநீராக வெளியேறுகின்றன. இந்த மீட்பு வேலை நுண்குழாயின் பல கட்டங்களில் நடக்கிறது. கடைசிக் கட்டங்களில் ஒன்றில், மொத்த உப்பில் 20-இல் ஒரு பங்கு அளவே மீட்கப்படும் இடத்தில், உப்பை உள்ளே ஏற்றும் ஒரு புரதம் இருக்கிறது. தயசைடு அந்தப் புரதத்தை அடைத்துவிடுகிறது. அந்த இடத்தில் மீட்கப்பட வேண்டிய உப்பில் ஒரு பகுதி சிறுநீரில் போகிறது, அதோடு நீரும் போகிறது, குழாய்களில் அளவு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது.

இனித்தான் உடலின் பிடிவாதம் வேலையைக் காட்டுகிறது. நீர் குறைந்தது என்று தெரிந்ததும் சிறுநீரகம் மற்ற கட்டங்களில் உப்பைக் கூடுதலாக இழுக்கத் தொடங்குகிறது. சில வாரங்களில் நீரின் அளவு கிட்டத்தட்ட பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. அப்படியும் அழுத்தம் ஏறுவதில்லை, ஏனென்றால் அதற்குள் சிறுதமனிகள் தளர்ந்துவிடுகின்றன. அதனால் “முன்ன மாதிரி சிறுநீர் நிறைய போகலையே, மாத்திரை வேலை செய்யலையோ” என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த மாத்திரை சாப்பிடும் வயதானவர் திடீரென்று பேச்சு தடுமாறி, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். கால் பெருவிரல் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலம் ஏறியிருக்கலாம். இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். ஆனால் திடீர்ப் பேச்சுத் தடுமாற்றம் பக்கவாதமாகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்தால் அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கே 1967 வரை திட்டவட்டமான விடை இருந்ததில்லை. உயர்ந்த அழுத்தம் உறுப்புகளுக்குத் தேவையானது, அதில் கை வைக்கக் கூடாது என்று நம்பிய பெரிய மருத்துவர்கள் இருந்தார்கள். எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு தயசைடு, ரிசர்பின், ஹைட்ரலசின் மூன்றும். இன்னொன்றுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைப் பிரிவில் 27 பேருக்கு உயிருக்கு உலை வைக்கும் கடும் பாதிப்பு; மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. அதன்பின் வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. மேல் அளவை 10 புள்ளி குறைத்தாலே பக்கவாதம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று, லட்சக்கணக்கானோர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரை காட்டுகிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உடல் அழுத்தத்தைத் திரும்ப ஏற்றப் பயன்படுத்தும் ஆயுதங்களில் வலிமையானது சிறுநீரகத்தில் இருக்கிறது. 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்தை அரைத்து, வடித்து, அந்தச் சாற்றை வேறு முயல்களுக்குள் செலுத்தினார்கள். அழுத்தம் எகிறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். ரெனின் ஒரு நொதி. தானாக எதையும் இறுக்காது. கல்லீரலிலிருந்து வந்து இரத்தத்தில் மிதக்கும் ஒரு பெரிய புரதத்தில் ஒரு துண்டை வெட்டி எடுக்கும். அதுதான் ஆஞ்சியோடென்சின் ஒன்று. அது சும்மா இருக்கும் பொருள். நுரையீரலின் இரத்தக் குழாய்கள் வழியே போகும்போது, குழாயின் உட்சுவரில் இருக்கும் இன்னொரு நொதி அதன் வாலை நறுக்கி ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றிவிடும். அதன் பிறகு அது சும்மா இருக்காது. சிறுதமனிகளை இறுக்கும். அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்டிரோனைச் சுரக்க வைத்து உப்பைத் தேக்கும். தாகத்தைக் கிளப்பும். உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில், காயம்பட்டு இரத்தம் கொட்டிய நேரத்தில், மனிதரைப் பிழைக்க வைத்த ஏற்பாடு இது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சிப்ஸும் தாராளமாகக் கிடைக்கும் இன்றைக்கும் அது அதே விழிப்போடு காவல் காக்கிறது.

இதை அடக்கும் வழி பிரேசில் காட்டு விரியன் ஒன்றின் நஞ்சில் கிடைத்தது. ஜரராகா என்று அதற்குப் பெயர். அது கடித்தவர்களுக்கு அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். அந்த நஞ்சை இரத்தத்தோடு கலக்கும்போது குழாய்களைத் தளர்த்தும் பிராடிகைனின் என்ற பொருள் உண்டாவதை ரோஷா இ சில்வாவின் குழுவினர் 1940-களின் இறுதியில் பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரைரா, பிராடிகைனின் உடையாமல் தடுக்கும் ஒரு பொருளும் அதே நஞ்சில் இருப்பதை 1965-இல் கண்டார். அந்தச் சாற்றை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அதைத் தொடர்ந்து ஒரு பெரிய உண்மை துலங்கியது. பிராடிகைனினை உடைக்கும் நொதியும், ஆஞ்சியோடென்சினின் வாலை நறுக்கும் நொதியும் வேறு வேறல்ல, ஒன்றேதான். அதை முடக்கினால் இறுக்கும் பொருள் குறையும், தளர்த்தும் பொருள் கூடும்.

நஞ்சிலிருந்து எடுத்த பொருளை ஊசியாகத்தான் போட முடிந்தது. வாயால் கொடுத்தால் வயிற்றில் செரித்துப் போயிற்று. அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மனும் ஒண்டெட்டியும் அந்த நொதியின் வேலை நடக்கும் குழி எப்படி இருக்கும், அதில் துத்தநாக அணு எங்கே உட்கார்ந்திருக்கும் என்று ஊகித்து, அந்தக் குழிக்குள் பொருந்தும்படி ஒரு சின்ன மூலக்கூறை 1970-களின் நடுவில் செதுக்கினார்கள். அதுதான் கேப்டோப்ரில். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை பெரும்பாலான மருந்துகள் ஆயிரம் பொருள்களைச் சோதித்துத் தற்செயலாகக் கிடைத்தவை. இலக்கின் வடிவத்தை யோசித்து அதற்கென்றே கட்டிய முதல் சில மருந்துகளில் இது ஒன்று. எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் இதன் தம்பிகள்.

இவற்றுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் வறட்டு இருமலோடு என்னிடம் வந்தார். இரவில் படுத்ததும் தொண்டையில் கரகரப்பு, பேசத் தொடங்கினால் இருமல். காசநோய்க்குச் சளிப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, எல்லாம் சுத்தம். பையிலிருந்து இருமல் மருந்து புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கடைசியாக, “இது பிரஷருக்கு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை சார்” என்று சொல்லியபடி எனலாப்ரில் அட்டையை எடுத்தார். சம்பந்தம் அதில்தான் இருந்தது. உடையாமல் தேங்கிய பிராடிகைனின் மூச்சுக்குழாயைச் சீண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. டெல்மிசார்டனுக்கு மாற்றினோம், சில வாரங்களில் இருமல் நின்றது.

டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற சார்டன்கள் நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை மட்டும் அடைத்துவிடுகின்றன. பிராடிகைனின் வழக்கம்போல உடைந்து போகும். இந்த வகையில் முதலாவதான லோசார்டன் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீங்கள் டெல்மிசார்டன் சாப்பிடும் நாள்களில் உங்கள் இரத்தத்தில் ரெனின் குறைவதில்லை, கூடுகிறது. அழுத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் மேலும் மேலும் சுரந்து பார்க்கிறது. கதவு சாத்தியிருப்பதால் பலிக்கவில்லை, அவ்வளவே. மாத்திரையை நிறுத்தினால் கதவு திறந்துவிடும். நார்மல் என்று கருவி காட்டுவது உங்கள் நோய் போய்விட்டதன் அடையாளம் ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

“பிரஷர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே?” என்று கேட்கிறார்கள். சர்க்கரை நோயால் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறவர்களுக்கு, இந்த இரண்டு வகை மருந்துகளும் சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே குறைத்து அதைக் காப்பாற்றுகின்றன. சிறுநீரகத்தைத் தின்பது அடக்காமல் விட்ட அழுத்தம்தான். தொடங்கியபின் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம், மருத்துவர் அளவு பார்த்து முடிவு செய்வார். ஆனால் கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்துகள் கூடவே கூடாது. கருவின் சிறுநீரகம் பாதிக்கப்படும். அவர்களுக்கு லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி அம்லோடிபின். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதிகம் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஒன்று. சிறுதமனியின் தசை சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அது நுழையும் வாயிலை அம்லோடிபின் அடைக்கிறது. தசை தளர்கிறது, மடை திறக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் 1960-களில் இந்த வழியைக் கண்டறிந்தார். கால்சியம் என்றதும் எலும்பு வலுவிழக்குமோ என்று அஞ்ச வேண்டாம். எலும்பின் கால்சியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த மருந்து உடலை விட்டு மிக மெதுவாக வெளியேறுகிறது. பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஒரு நாள் மறந்துவிட்டால் குடிமுழுகாது. மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடத் தேவையில்லை.

ஒரு அம்மா வந்தார். கொலுசு கணுக்காலில் பதிந்து, மேலும் கீழும் சதை பிதுங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது; விரலை எடுத்தபின்னும் அப்படியே நின்றது. கிட்னி கெட்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவரே மெடிக்கலில் தண்ணி மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்து, வீக்கம் வற்றாமல், தலைசுற்றல்தான் மிச்சம். அம்லோடிபின் சிறுதமனியைத் திறந்துவிடுகிறது, ஆனால் இரத்தம் திரும்பிப் போகும் சிரைகளை அந்த அளவுக்குத் திறப்பதில்லை. வரத்து கூடி, போக்கு கூடாததால் இடையில் இருக்கும் தந்துகிகளிலிருந்து நீர் வெளியே கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. உடம்பில் நீர் அதிகமாகி வந்த வீக்கமல்ல இது. அதனால் தண்ணி மாத்திரைக்கு அடங்காது. அம்லோடிபின் அளவைப் பாதியாக்கி, ஒரு சார்டனைச் சேர்த்தோம். சார்டன் சிரைகளையும் கொஞ்சம் தளர்த்துவதால் வீக்கம் வடிந்தது. அழுத்தமும் முன்பைவிட நன்றாக அடங்கியது.

பீட்டா தடுப்பிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்றவை அட்ரினலினின் உத்தரவை இதயத்துக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. ரெனின் சுரப்பையும் குறைக்கின்றன. இந்த வகைக்கு வழி வகுத்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். மாரடைப்பு வந்தவர்களுக்கு இவை வரப்பிரசாதம். வெறும் பிரஷருக்கு இப்போது முதல் தேர்வாக எழுதுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முக்கியமாக, இவற்றைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. உத்தரவு வராத நாள்களில் இதயம் தன் ஏற்பிகளைப் பெருக்கி வைத்துக் காத்திருக்கும். மருந்து நின்றதும் அட்ரினலின் அத்தனை ஏற்பிகளிலும் ஒரே நேரத்தில் வந்து விழும். நெஞ்சுவலி வரை போய்விடும்.

உடலின் இந்த எதிர் இழுப்பு புரிந்துவிட்டதால், ஏன் சிலருக்கு இரண்டு மாத்திரை என்பது எளிதில் விளங்கும். ஒரு வழியை மட்டும் அடைத்தால் உடல் இன்னொரு வழியில் ஏறிக்கொள்ளும். தயசைடு கொடுத்தால் ரெனின் ஏறும். அதன் மேல் ஒரு சார்டன் கொடுத்தால் அந்த ஏற்றம் வீணாகும். “ஒரு மாத்திரை இருந்தது ரெண்டாயிடுச்சு, நோய் முத்திடுச்சோ” என்று கலங்க வேண்டாம். வால்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் உடனிருந்தோரும் 42 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதால் கிடைக்கும் கூடுதல் பலனைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு பலன், வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பதால் கிடைக்கிறது. பக்கவிளைவோ பெரும்பாலும் அளவைப் பொறுத்தது. குறைந்த அளவில் இரண்டு மருந்து என்பது உங்களுக்குச் சாதகமான பேரம். இரண்டும் ஒரே மாத்திரையில் கிடைத்தால் இன்னும் நல்லது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தகைய கூட்டு மாத்திரைகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. காலையில் போடுவதா இரவிலா என்ற கேள்விக்கும் பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வு விடை சொல்லிவிட்டது: மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. மறக்காமல் போட முடிகிற நேரமே நல்ல நேரம்.

உடலின் பக்கம் சேர்ந்துகொண்டு மருந்துக்கு எதிராக இழுப்பவையும் உண்டு. முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, தயசைடும் சார்டனும் செய்யும் வேலையைக் கெடுக்கின்றன. இந்த மூன்றும் ஒருவர் உடம்பில் சேர்ந்தால், அதுவும் வெயில் காலத்தில் நீர் வற்றிய உடம்பில் சேர்ந்தால், சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். வாந்தி பேதி கடுமையாக இருக்கும் நாளில் பிரஷர் மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. பலருக்கு அது நல்லது. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் சார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். இளநீருக்கும் இதே எச்சரிக்கை. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து, பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் நம் மாநிலத்தில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வாங்க அரை நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். வாசல் வரை வந்த மாத்திரை வாய்க்குள் போகாமல் தகர டப்பாவில் சேர்ந்து கிடப்பதையும் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாகப் பேசினேன்.

முடிக்கும் முன், வரப்போகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தினமும் மாத்திரை போடும் வேலையே இல்லாமல், ஒரே ஊசியில் ஆறு மாதம் வரை அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் மருந்து ஒன்று சோதனையில் இருக்கிறது. சிலெபெசிரான் என்று பெயர். ரெனின் வெட்டுவதற்கு ஒரு பெரிய புரதம் கல்லீரலிலிருந்து வருகிறது என்று சொன்னேன் அல்லவா, அந்தப் புரதத்தின் உற்பத்தியையே இது கல்லீரலுக்குள் போய்த் தடுக்கிறது. 2023-இல் வெளியான முதற்கட்ட முடிவுகளில் ஒரே ஊசியின் பலன் 24 வாரம் வரை நீடித்தது. எனக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. ஊசி போட்ட இரண்டாம் மாதத்தில் ஒருவருக்குக் கடும் பேதி வந்தால், விபத்தில் இரத்தம் இழந்தால், ஒரு பெண் கருவுற்றால் என்ன செய்வது? அப்போது உடல் அழுத்தத்தை ஏற்ற முயல்வது தேவையான வேலை. நாமோ அதன் கையை ஆறு மாதத்துக்குக் கட்டியிருப்போம். மாத்திரையை மறுநாளே நிறுத்திவிடலாம், ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஊசியின் விளைவை வேண்டும்போது முறிக்கும் மாற்று மருந்தையும் ஆய்வுக்கூடங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை தினசரி மாத்திரைதான். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.